காண்பதும் ஒரு செயலே

மனம், மொழி, மெய் ஆகிய மூன்றினாலும் மனிதன் வினை புரிகின்றான் என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. கையால் செய்வதைச் செயல் என்கிறோம். வாயால் சொல்வதையும் செயலாகவே கொண்டு அதற்குப் பொறுப்பேற்கிறோம். கண்ணால் காண்பதை மட்டும் எவரும் செயலென்று எண்ணுவதில்லை. "நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், என்ன செய்தேன்?" என்று கூறி எளிதில் விலகிக்கொள்கிறோம். காண்பது உண்மையிலேயே குணமும் குற்றமும் அற்றதுதானா? பிறர் துன்பத்தைக் காண நமக்கு உரிமை உண்டா? உண்டெனின், கண்ட பிறகு நமக்கு ஏதேனும் கடமை உண்டா? குடும்பத்துடன் சென்ற ஒரு பயணம் இவ்வினாக்களை என்முன் நிறுத்திற்று. அவற்றைப் பற்றிய என் சிந்தனைகளை வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

ஒரு பகற்பொழுதுத் துறைமுகம்

என் மகன் அயல்நாட்டில் பணிபுரிகின்றான். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்தியதரைக் கடலில் ஒரு வாரகாலக் கப்பல் பயணத்திற்கு ஏற்பாடு செய்து, தன் மனைவி மக்களுடன் என்னையும் என் துணைவியாரையும் அழைத்துச் சென்றான். இத்தகைய சுற்றுலாக் கப்பல்கள் இரவெல்லாம் கடலில் சென்று காலையில் ஒரு துறைமுகத்தை அடையும். பயணிகள் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்து மாலைக்குள் திரும்புவர். கப்பல் அடுத்த துறையை நோக்கிப் புறப்படும். அவ்வாறு ஒருநாள் காலையில் இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் துறைமுகத்தை அடைந்தோம்.

மேல்தளத்தில் நின்று நோக்கியபோது விரிகுடாவின் ஓரத்தில் வெசூவியஸ் எரிமலை தெரிந்தது. ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரமுடைய அம்மலை, தலையில் சிறு மேகத்தைச் சூடி அமைதியாக நின்றது. அந்த அமைதியை நம்புவதற்கில்லை. அது இறுதியாகக் கனல் கக்கியது 1944-ஆம் ஆண்டில்தான். மலையின் மறுபுறம், துறைமுகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, கி.பி. 79-இல் அம்மலை புதைத்த பொம்பெயி நகரம். எங்களுக்கு அங்கே ஒதுக்கப்பட்டிருந்த நேரம் மூன்று மணி. பேருந்தில் ஏறும்போதே வழிகாட்டி அம்மையார், "பிற்பகல் கப்பல் யாருக்காகவும் காத்திராது" என்று எச்சரித்துவிட்டார்.

அந்நகரம் அழிந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்வது தேவை. முதல் நாள் நண்பகலுக்குப் பின் மலையின் உச்சி பிளந்து, சாம்பலும் கல்லும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரம்வரை எழும்பின. காற்று அவற்றைப் பொம்பெயியின் பக்கம் தள்ளிற்று. பல மணி நேரம் நுரைக்கல் மழையாகப் பொழிந்தது. தெருக்கள் ஆள் உயரத்திற்குமேல் நிரம்பின. கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்தன. அவ்வேளையில் ஊரைவிட்டு வெளியேறியவர்களுள் பலர் உயிர் தப்பியிருத்தல் கூடும். வீட்டிற்குள் தங்கியவர்களும் வெளியேற இயலாதவர்களும் மறுநாட்காலையில் மலைச்சரிவிலிருந்து பாய்ந்துவந்த கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த பேரலையில் மடிந்தனர். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்துள்ளன. 1748-இல் அகழ்வு தொடங்கியது. இன்றும் நகரின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கற்கள் பாவிய தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்கள், மழைநீரில் கால் நனையாமல் தெருவைக் கடக்க அமைத்த மேடைக்கற்கள், உணவு விற்ற கடைகளின் சாடி பதித்த மேடைகள், ரொட்டி சுட்ட அடுப்புகள் ஆகியவற்றை எல்லாம் விரைந்து விரைந்து கண்டோம். ஒரு வீட்டின் வாயில் தரையில் சிறுசிறு கற்களால் ஒரு நாயின் உருவம் பதிக்கப்பட்டிருந்தது. கழுத்தில் சங்கிலி, பல்லைக் காட்டிப் பாயும் தோற்றம், கீழே 'நாய் இருக்கிறது, கவனம்' என்னும் பொருள்பட இலத்தீன் எழுத்துகள். நம்மூர் வீட்டு வாயில்களிலும் இதே பலகை தொங்குவதை நினைத்து, என் பேத்தியும் பேரனும் வாய்விட்டுச் சிரித்தனர். நாங்களும் சிரித்தோம்.

புகைப்படம்

பொதுமன்றத்தை அடுத்து ஒரு நீண்ட பண்டகசாலை உள்ளது. கம்பித் தடுப்புக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மண் சாடிகளும் கற்சிற்பங்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றினிடையே மனித வடிவங்களும் இருந்தன. ஒருவர் முழங்காலை மடக்கி அமர்ந்து, இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இவை சிற்பங்கள் அல்ல. இறுகிய சாம்பலுக்குள் உடல்கள் அழிந்து மறைந்தபின், அவை இருந்த இடம் அதே வடிவில் வெற்றிடமாக நின்றது. 1863-ஆம் ஆண்டில், அகழ்வுப் பணிகளின் தலைவராக விளங்கிய ஜுசெப்பே ஃபியோரெல்லி என்பார் அவ்வெற்றிடங்களில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றி, அது இறுகியபின் சுற்றியிருந்த சாம்பலை அகற்றினார். இறந்தவரின் இறுதி நிலை, ஆடையின் மடிப்பு உட்பட, அப்படியே வெளிப்பட்டது. எலும்புகள் சாந்துக்குள்ளேயே தங்கிவிட்டன.

"எல்லோரும் இப்படி வந்து நில்லுங்கள்" என்றான் என் மகன். கம்பித் தடுப்பின் முன் வரிசையாக நின்றோம். சிரிக்கச் சொன்னான், சிரித்தோம். முகம் பொத்திய அந்த மனிதர் எங்களுக்குப் பின்னால் இருந்தார்.

சற்றுத் தள்ளி மற்றொரு வார்ப்பு இருந்தது. மல்லாந்து, உடல் முறுக்கி, கால்கள் வானை நோக்கியிருந்த ஒரு நாய். 1874-இல் ஒரு வீட்டின் முன்பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. கழுத்தில் பட்டை; அதில் வெண்கல வளையங்கள். கல்மழை உயர உயர அதன்மேல் ஏறி ஏறிச் சென்ற அந்நாய், சங்கிலியின் நீளம் முடிந்த இடத்தில் மேலும் ஏற இயலாமல் மடிந்தது என்று விளக்கினார் வழிகாட்டி.

பதினொரு வயதான என் பேத்தி சிறிது நேரம் அதையே பார்த்திருந்தாள். பிறகு, "தாத்தா, அதை ஏன் யாரும் அவிழ்த்துவிடவில்லை?" என்று கேட்டாள்.

"அவசரத்தில் மறந்திருப்பார்கள் அம்மா" என்று சொன்னேன். அதற்குள் வழிகாட்டியின் கொடி நகர்ந்துவிட்டது. நாங்களும் நகர்ந்தோம்.

இரவில் எழுந்த எண்ணம்

அன்றிரவு கப்பலில் உணவு முடிந்தபின் மகன் அப்படத்தைக் காட்டினான். நல்ல ஒளி, தெளிவான படம், ஆறு பேரும் சிரிக்கிறோம். எங்கள் தோள்களுக்கு நடுவே ஒரு மனிதர் கைகளால் முகத்தைப் பொத்தியிருக்கிறார். மூச்சு விடுவதற்காகப் பொத்தினாரோ, அழுதாரோ, இறைவனை வேண்டினாரோ, யார் அறிவார்? எங்களிடமிருந்து மறைக்கவே பொத்திக்கொண்டார் போல அப்போது எனக்குத் தோன்றிற்று.

இந்த உறுத்தலுக்கு ஒரு காரணம் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது எங்கள் குடியிருப்பும் நீரில் மூழ்கியது. வடிந்தும் வடியாத நிலையில், ஈரப்பாயையும் நனைந்த புத்தகங்களையும் தெருவில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தோம். அப்போது உதவ வந்தவர்கள் பலர். அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால், காண்பதற்கென்றே வந்தவர்களும் இருந்தனர். வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தனர். உடைமாற்ற இடமின்றி நின்ற பெண்களையும் எடுத்தனர். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று ஒருவரிடம் சினந்து கேட்டேன். "சும்மா பார்க்கத்தான் ஐயா" என்றார் அவர். அச்சொல் நெடுநாள் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பொம்பெயியில் நின்று சிரித்த நான், அவரினும் எவ்வகையில் உயர்ந்தவன்?

மூன்று மறுப்புகள்

இதற்கு விடைகள் இல்லாமல் இல்லை. என் மகனே மூன்று விடைகள் கூறினான். நேர்மையான விடைகளாதலின் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது: அவர்கள் இறந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் பார்வை அவர்களைத் தீண்டாது. தீங்கு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை. இது உண்மையே. அவர்களை நாம் இனித் துன்புறுத்த இயலாது. எனினும், செயலின் பயன் அதை ஏற்பவரிடம் மட்டும் தங்குவதில்லை, செய்பவரிடமும் தங்குகிறது. துயரத்தின் முன் நின்று சிரிக்கப் பழகிய கண், அடுத்த துயரத்தின் முன்னும் அவ்வாறே நிற்கும். அந்த அடுத்த துயரம் உயிரோடிருப்பவருடையதாக இருக்கலாம்.

இரண்டாவது: அது வெறும் சாந்து; உடல் அன்று. ஆனால் அச்சாந்துக்குள் எலும்பும் பல்லும் இருக்கின்றன. அவை ஒரு மனிதர் இருந்து நீங்கிய இடத்தின் வடிவங்கள். நம் இல்லங்களில் மறைந்தோரின் படத்தை வெறும் தாள் என்று எவரும் மிதிப்பதில்லை.

மூன்றாவது: நாம் கேலி செய்யப் போகவில்லை, கற்கவே போனோம். இதுவே வலிய விடை. யாரும் காணாதிருந்தால் அம்மக்கள் முற்றிலும் மறக்கப்பட்டிருப்பர். மண்ணுக்குள் வெற்றிடமாய்க் கிடந்தவர்களுக்கு மீண்டும் ஒரு வடிவம் கிடைத்ததும், உலகம் அவர்களுக்காக இரங்கியதும் காண்போர் இருந்தமையால்தான். எனவே காண்பது தவறு என்று நான் கூறமாட்டேன். ஆனால், கற்கவே போனோம் என்றால், என்ன கற்றோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் அன்றோ? அவ்விரவு என்னை நானே கேட்டுக்கொண்டபோது, 'எல்லாம் நிலையாமை' என்ற ஒரு விடையே வந்தது.

நிலையாமை மட்டும்தானா?

இடிபாடுகளைக் கண்டதும் நிலையாமையைப் பேசுவது நம் மரபு. செல்வமும் இளமையும் யாக்கையும் நில்லா என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பொம்பெயியில் இவ்வொன்றை மட்டும் கற்றுத் திரும்புவது மலிவான கல்வி என்றே இப்போது எண்ணுகின்றேன். நிலையாமை யார்மேலும் குற்றம் சாட்டுவதில்லை. எவரிடமும் கணக்குக் கேட்பதில்லை. மலை வெடித்தது, மக்கள் மடிந்தனர், நாமும் ஒருநாள் மடிவோம் என்று பெருமூச்சு விட்டுப் பேருந்தில் ஏறிவிடலாம்.

ஆனால் அந்த நாயை மலை மட்டும் கொன்றுவிடவில்லை. மலைக்குப் பகையும் இல்லை, நினைவும் இல்லை. சங்கிலியைப் பூட்டியது ஒரு மனிதக் கை. கல்மழை பல மணி நேரம் பொழிந்தது. ஓடக் கூடியவர்களுக்கு ஓட நேரம் இருந்தது. எவருடைய காலுக்கு உரிமை இருந்ததோ அவர்கள் தம் விருப்பப்படி நின்றனர் அல்லது சென்றனர். கட்டப்பட்டவற்றிற்கு அந்த விருப்பமே இல்லை.

நாய் ஒன்று மட்டுமன்று. 2023-ஆம் ஆண்டின் இறுதியில், அந்நகரின் ஒன்பதாம் பகுதியில் அகழ்ந்தெடுத்த ஒரு ரொட்டிக் கூடத்தைப் பற்றித் தொல்லியல் அறிஞர்கள் அறிவித்தனர். அங்கே அடிமைகளும் கழுதைகளும் ஒரே இடத்தில் அடைக்கப்பட்டு மாவரைத்தனர். வெளியுலகைப் பார்க்கும் சன்னல் கிடையாது; உயரத்தில் இருந்த சிறு திறப்புகளுக்கும் இரும்புக் கம்பிகள். கண் கட்டிய கழுதைகள் அடி பிறழாமல் சுற்றிவரத் தரையில் குழிகள் பதித்திருந்தனர். நகரின் வெளியே சிவித்தா ஜூலியானா என்னும் இடத்து மாளிகையில், அடிமைகள் வாழ்ந்த ஒரு சிறு அறை 2021-இல் வெளிப்பட்டது. அதில் மூன்று கட்டில்கள்; அவற்றுள் ஒன்று 1.4 மீட்டர் நீளமே உடையது. அது சிறுபிள்ளையின் கட்டிலாக இருக்கலாம். இக்கொடுமைகள் எரிமலை வெடிப்பதற்கு முன்பே, ஒளி மிக்க நாட்களில், நல்லவர்கள் எனப் பெயர் பெற்ற குடும்பத்தார் வீடுகளில் நடந்தவை.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்தை விளக்கிய நம் முன்னோர், அதனைக் குறைபடுத்தும் ஐந்து குற்றங்களைத் தொகுத்தனர். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கட்டிவைத்தலை ஏன் முதலில் வைத்தனர் என்பது இளமையில் எனக்கு விளங்கியதில்லை. கட்டுவதால் உயிர் போவதில்லையே என்று எண்ணினேன். பொம்பெயியில் அதன் பொருள் விளங்கிற்று. கட்டியவன் கொல்ல வேண்டியதில்லை. வெள்ளமோ தீயோ வரும்போது எஞ்சியதை அது செய்துவிடும்.

காண்பதில் வாய்மை

காண்பதில் மற்றொரு கடமையும் உண்டு. கண்டதை உள்ளவாறு காண வேண்டும்.

எங்கள் வழிகாட்டி தம் படப்புத்தகத்தில் ஒரு வார்ப்பின் படத்தைக் காட்டினார். 1974-இல் கண்டெடுக்கப்பட்டது; கையில் பொற்காப்பு அணிந்த ஒருவரின் மடிமீது ஒரு குழந்தை. "தாய் தன் மகவை இறுதிவரை காத்தாள்" என்று அவர் சொன்னபோது என் துணைவியார் கண் கலங்கினார். நானும் பேரப்பிள்ளைகளுக்கு அதையே உருக்கமாக எடுத்துச் சொன்னேன்.

நாங்கள் ஊர் திரும்பிய அடுத்த மாதம், 2024 நவம்பரில், அவ்வெலும்புகளின் மரபணுவை ஆய்ந்த அறிஞர்களின் முடிவுகள் வெளியாயின. காப்பு அணிந்திருந்தவர் ஓர் ஆண். அக்குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை. தழுவியபடி இறந்ததால் தாயும் மகளும் என்றோ உடன்பிறந்த பெண்கள் என்றோ கருதப்பட்ட வேறிருவருள் ஒருவர் ஆண் என்பதும் தெரியவந்தது.

பொன் அணிந்தவர் பெண்ணாகத்தான் இருப்பார், குழந்தையை ஏந்தியவர் தாயாகத்தான் இருப்பார் என்று நாம் முடிவு செய்துகொண்டோம். நம் மனத்திலிருந்த கதையை அவர்கள்மீது போர்த்தினோம். அவர்களோ மறுத்துரைக்க வாயில்லாதவர்கள். தம் குழந்தையல்லாத ஒரு குழந்தையை அச்சாம்பல் மழையில் ஓர் ஆடவர் ஏந்தியிருந்தார் எனில், அது நாம் சொன்ன கதையினும் சிறியதா? அவர் உறவினரா, ஊழியரா, வழியில் கண்டு எடுத்தவரா என்பதை நாம் அறியோம். அறியோம் என்று சொல்லி நிற்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

பொம்பெயியிலிருந்து சிறு கற்களைத் திருடிச் சென்றவர்கள், பல ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பி அனுப்புவது உண்டு. கல்லைத் திருப்பி அனுப்பலாம். பொய்யாகக் கண்ட காட்சியை எவ்வாறு திருப்பி அனுப்புவது? நான் செய்யக்கூடியது ஒன்றே. பேரப்பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைத்து, "தாத்தா சொன்ன கதை தவறு" என்று கூறினேன்.

காணப் புறப்பட்டவர் காக்கச் சென்றார்

காட்சி எப்போது அறமாகிறது என்பதற்கு அப்பேரழிவிலேயே ஒரு சான்று உண்டு. அப்போது மிசேனம் என்னும் இடத்தில் உரோமானியக் கடற்படைத் தலைவராக இருந்தவர் மூத்த பிளினி. இயற்கையைப் பற்றி 37 பகுதிகள் கொண்ட பெருநூலை எழுதிய அறிஞர். அன்று நடந்தவற்றை அவருடைய மருமகனான இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குப் பின்னாளில் எழுதிய கடிதங்களில் விவரித்துள்ளார்.

விரிகுடாவின் மறுகரையில் மரம்போல் எழுந்த மேகத்தைக் கண்டதும், அதை அருகில் சென்று ஆராய விரும்பி ஒரு விரைவான படகை ஆயத்தம் செய்யச் சொன்னார் மூத்த பிளினி. அறிஞனுக்குரிய ஆவல் அது. வீட்டைவிட்டுப் புறப்படும் வேளையில், மலையடிவாரத்தில் சிக்கிய ரெக்டினா என்னும் பெண்மணியிடமிருந்து தம்மைக் காக்க வேண்டி ஓர் ஓலை வந்தது. உடனே நோக்கம் மாறியது. பெரிய கப்பல்களைக் கடலில் இறக்கச் செய்து, எல்லோரும் எத்திசையிலிருந்து ஓடி வந்தார்களோ அத்திசையை நோக்கிச் செலுத்தினார். அவர் திரும்பவில்லை. ஸ்டாபியே கடற்கரையில் மறுநாள் உயிர் நீத்தார்.

அவர் காணப் புறப்பட்டது குற்றமன்று. ஆனால், ஒரு குரல் கேட்டவுடன் காட்சி அவருக்குக் கடமையாயிற்று. அதே நாளில், உடன் வருகிறாயா என்று மாமன் கேட்டதற்கு, தமக்குப் படிக்க வேண்டியிருப்பதாகக் கூறி 17 வயதான இளைய பிளினி வீட்டிலேயே இருந்துவிட்டார். அவரை நான் பழிக்கவில்லை. நம்மில் பலர் அவரைப் போன்றவர்களே. நமக்கும் ஓலைகள் வருகின்றன. படிக்க வேண்டியிருக்கிறது, கப்பல் காத்திராது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லி மடித்து வைத்துவிடுகிறோம்.

நான் சொல்லாமல் விட்டது

இவ்விடத்தில் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம். கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டியிருப்போம். இரவில் நீர் வாயிற்படி ஏறியதும், வீட்டுப் பத்திரங்களையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு மாடி உள்ள உறவினர் வீட்டிற்குச் சென்றோம். நாயை மறந்துவிட்டோம் என்றே இந்நாள்வரை பிறரிடம் சொல்லி வந்தேன். அது உண்மையன்று. வாயிலைத் தாண்டும்போது அது குரைத்தது எனக்குக் கேட்டது. காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

விடியலில் இடுப்பளவு நீரில் சென்று பார்த்தபோது, துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி, சங்கிலி இழுத்த கழுத்துடன், வயிறுவரை நீரில் அது நின்றுகொண்டிருந்தது. அவிழ்த்ததும் என் கையை நக்கியது. அந்தக் கல் இன்னும் ஒரு முழம் தாழ்வாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க அன்று நான் மறுத்துவிட்டேன். பொம்பெயி வீட்டுத் தலைவருக்கும் எனக்கும் இடையே இருந்தது ஒரு முழக் கல்லின் உயரமே.

கப்பலில், மறுநாட்காலை, பேத்தியை அருகில் அழைத்து இதைச் சொன்னேன். "ஏன் தாத்தா அவிழ்க்கவில்லை?" என்று மீண்டும் அதே வினாவைக் கேட்டாள். "என் இரண்டு கைகளிலும் பொருள்கள் இருந்தன அம்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்தாள்.

அன்றே மற்றொன்றும் நிகழ்ந்தது. எங்கள் அறையைத் தூய்மை செய்ய வந்த இளைஞரிடம், பொம்பெயியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நேப்பிள்ஸ் துறைமுகத்திற்குப் பலமுறை வந்திருப்பதாகவும், அறைகளை முடிப்பதற்குள் கப்பல் புறப்பட்டுவிடுவதால் ஒருமுறையும் போனதில்லை என்றும் அவர் சிரித்தபடி கூறினார். அவரை அடிமையென்று சொல்வது அவருக்கும் இழிவு, உண்மைக்கும் மாறு. ஊதியம் பெற்று உழைப்பவர் அவர். ஆயினும், நாலைந்து நாட்களாக எங்கள் படுக்கையை விரித்த கைகளை நான் அன்றுதான் கண்டேன் என்பதும் உண்மை.

கண்டபின் செய்யத்தக்கது

பொம்பெயியைக் காண 2024-ஆம் ஆண்டில் மட்டும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நெரிசல் மிகுந்ததால் அவ்வாண்டு நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என விதி செய்தனர். எத்தனை பேர் காணலாம் என்பதற்கு விதி செய்ய இயலும். எவ்வாறு காண்பது என்பதற்கு விதி செய்வார் இல்லை. அதைக் காண்பவர்தாமே செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு நான் செய்துகொண்ட விதிகள் மூன்று. பிறர் துன்பத்தின் முன் நிற்க நேர்ந்தால், முதலில் சிறிது நேரம் வாளாவிருத்தல். படமும் சொல்லும் பிறகே. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதிருத்தல், சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளுதல். மூன்றாவதே இன்றியமையாதது: கண்டதை வீட்டிற்குக் கொண்டுவந்து, நம் கையால் பூட்டிய சங்கிலி எங்கேனும் இருக்கிறதா என்று தேடுதல்.

அச்சங்கிலி இரும்பாகவே இருக்க வேண்டியதில்லை. இரவும் பகலும் ஒரே நாற்காலியில் அமர்ந்து நம் வாயிலைக் காக்கும் முதியவருக்கு, உடல்நலம் இல்லாத நாளில் வீட்டிற்குச் செல்ல உரிமை உண்டா? நம் இல்லத்தில் பணிசெய்யும் பெண் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல அஞ்சுகிறாளா? படுக்கையில் இருக்கும் பெற்றோர் அழைத்தால் கேட்கும் தொலைவில் யாரேனும் இருக்கிறார்களா? தொழுவத்தில் கட்டிய கன்றுக்கு, தீப்பற்றினால் அறுத்துக்கொண்டு ஓட வழியுண்டா? ஆபத்து வரும்போது தாமாக விலகிச் செல்ல இயலாதவர் நம்மைச் சார்ந்து எவரெவர் உள்ளனர்? இந்த வினாக்களை மழையும் தீயும் வராத நல்ல நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வந்தபின் நம் கைகளில் பொருள்கள் இருக்கும்.

அப்புகைப்படத்தை அழித்துவிடவா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். அழிப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதே. அதன் ஒரு படியை வரவழைத்து என் மேசைமேல் வைத்திருக்கின்றேன். அதில் நாங்கள் ஆறு பேரும் சிரிப்பதை நான் இப்போது பார்ப்பதில்லை. பின்னால் அமர்ந்திருக்கும் அந்த ஏழாமவரையே பார்க்கின்றேன். அவர் பெயரை நான் அறியேன். அவர் ஆண்டையா அடிமையா என்பதையும் அறியேன்.

எங்கள் வீட்டில் இப்போது வேறொரு நாய் வளர்கின்றது. வேப்பமரத்தில் சங்கிலி இல்லை. இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை கேட்ட வினாவுக்கு என்னால் இயன்ற விடை அவ்வளவே. வாசக அன்பர்களும் தத்தம் இல்லங்களில், தத்தம் விடையைத் தேடுவார்களாக.